புதுப்பிப்பு: 1881-எஸ் மோர்கன் டாலரின் நிறம் இயற்கையானதா?

என்னிடமுள்ள 1881-எஸ் மோர்கன் டாலர் (சான் பிரான்சிஸ்கோ அச்சகத்தில் அடித்த பழைய அமெரிக்க வெள்ளி நாணயம்; 'எஸ்' அந்த அச்சகத்தின் குறி) ஊதாவும் நீலமும் படர்ந்தது. அதன் டோனிங், அதாவது மேற்பரப்பில் படியும் நிறப்படலம், காலப்போக்கில் இயற்கையாக வந்ததா, யாரோ செயற்கையாக ஏற்றியதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. செயற்கை என்றே முடிவாகியிருக்கிறது. தரமதிப்பீட்டுக்கு அனுப்பியபோதும் நிறம் ஐயத்திற்குரியது என்ற குறிப்புடன்தான் திரும்பி வந்தது.

முதலில் அசிட்டோனில் பத்து நிமிடம் ஊறவைத்தேன், நிறம் அசையவில்லை. அதைக் கண்டு அவசரப்பட்டு மகிழ்ந்துவிட்டேன். அசிட்டோன் அரக்குப்பூச்சையும் பிசினையும் கரைக்குமே தவிர, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும், நிறத்துக்குக் காரணமான வெள்ளி சல்பைடுப் படலத்தைத் தொடாது. கந்தகத்தையும் சூட்டையும் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கிய படலமும் அதே சல்பைடுதான் என்பதால், இந்தச் சோதனையில் தேறுவது எதையும் நிரூபிப்பதில்லை.

கைகொடுத்தது, ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள் என்ற யோசனை. இயற்கையான டோனிங்கில் படலம் தடிக்கத் தடிக்க வெளிர்மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசையில் நிறம் மாற வேண்டும். என் நாணயத்திலோ வெறும் வெள்ளிக்கு அருகிலேயே, இடையில் மஞ்சளின் சாயல்கூட இல்லாமல், அடர்நீலம் திட்டுத்திட்டாகத் தொடங்குகிறது. இயற்கையான டோனிங்கில் பல நேரம் தென்படும், எழுத்துகளின் ஓரத்தில் நிறம் விலகி நிற்கும் மெல்லிய வெண்கோடும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: நாணயத்தின் முகப்பிலுள்ள லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் கன்னத்தில் நிறத்திற்கு அடியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. எப்போதோ தேய்த்துத் துலக்கிவிட்டு, அதை மறைக்கவே நிறமேற்றியிருக்கிறார்கள்.