கரப்பான் உள்ள குழந்தைக்கு முட்டை, வேர்க்கடலை: ஐஜிஇ பாசிட்டிவ் வந்தால்?

தூளி:
7 மாதக் குழந்தை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கடுமையான கரப்பான் (எக்ஸிமா). ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள்) முட்டை வெள்ளைக்கு 0.9, வேர்க்கடலைக்கு 0.35க்குக் கீழே, அதாவது நெகட்டிவ். இரண்டும் இன்னும் தரவில்லை. 3 வயதுவரை கண்ணிலேயே காட்டாதே என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். பின்னால் இளைப்பு (ஆஸ்துமா) வருமா?

அகப்பை:
கடலையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த 3 வயதுக் கணக்கு 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொன்னது. 2008இல் அவர்களே கைவிட்டார்கள். 2015இல் வெளியான லண்டன் லீப் ஆய்வில் 640 குழந்தைகள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ளவர்கள். தோல் பரிசோதனையில் கடலைக்கு ஒன்றும் காட்டாதவர்களில், 5 வயதில் கடலை ஒவ்வாமை தவிர்த்தவர்களுக்கு 13.7%, தின்றவர்களுக்கு 1.9%.

அளவு: வறுத்துத் தோல் நீக்கிய கடலை 8 கிராம், அதாவது சுமார் 2 கிராம் புரதம். வாரம் 3 முறை. 8 கிராமை மிக்ஸி பிளேடு பிடிக்காது, நொய்யாக நிற்கும். 100 கிராமாக எண்ணெய் விடும்வரை அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதில் 8 கிராம் எடுத்து வெந்நீரில் கூழாகக் கரைத்தே தர வேண்டும், கெட்டி விழுது தொண்டையை அடைக்கும். முதல் நாள் கரண்டி நுனியளவு, 10 நிமிடம் கழித்து மீதி, பிறகு 2 மணி நேரம் கவனியுங்கள். சளி, காய்ச்சல் உள்ள நாளில் தொடங்க வேண்டாம்.

சுக்குக்காப்பி:
முட்டை வேறு கதை. 0.9 என்பது உடல் முட்டையை அடையாளம் கண்டிருக்கிறது என்பதுதான். தின்றால் ஒவ்வாமை வரும் என்றாகாது, வராது என்றும் ஆகாது. முதல் வாய் மருத்துவர் முன்னால் தரட்டும். நன்றாக வெந்த முட்டைதான், ஆஃப்பாயில் கூடாது: வெள்ளைக்கருவின் ஓவல்புமின் என்ற புரதம் சூட்டில் குலையும், ஓவோமியூகாய்டு என்ற புரதம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வெந்த முட்டையையும் மருத்துவர் முன்னால் தரச் சொல்கிறேன்.

வாயைச் சுற்றி மட்டும் சிவந்தால் பெரும்பாலும் எச்சிலும் உணவும் பட்ட எரிச்சல். ஊட்டுமுன் வாசலின் தடவுங்கள். உடலெங்கும் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, இருமல், துவளுதல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

அகப்பை:
இளைப்புக்கு: கரப்பானோடு முட்டை ஐஜிஇயும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது, உண்மை. ஆனால் முட்டை அதற்குக் காரணமல்ல, அடையாளம். கடலை தின்பது கடலை ஒவ்வாமையைத்தான் தடுக்கும். லீப் குழந்தைகளுக்கு அதனால் இளைப்பு குறையவில்லை.

இன்னொன்று, கடலைப்பருப்பு மாவு, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். வெடித்த தோல் வழியே உணவுப் புரதம் நுழைந்தால் உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்ளும். வயிற்று வழியே போனால்தான் ஏற்கப் பழகும். குளித்து 3 நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் வாசலின்.



தூளி:
கடலை எண்ணெய்?

சுக்குக்காப்பி:
செக்கெண்ணெயில் புரதம் மிஞ்சும். தோலுக்கு வேண்டாம்.