டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் எக்ஸாம்: அவுட்புட் வராவிட்டால் ஃபெயிலா?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம். சேலத்தில் சிஎஸ்இ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்ணா பல்கலை, 2021 ரெகுலேஷன். அடுத்த வாரம் லேப் எக்ஸாம். வீட்டில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில்தான் பழக்கம். மாடல் எக்ஸாமில் உட்கார்ந்தால் எல்லாம் உபுண்டு லினக்ஸ். டர்போவில் போடும் கோனியோ ஹெடர் ஃபைல் இங்கே இல்லை, அதிலேயே எரர். அதைத் தூக்கிய பிறகு லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு பதிவும் அடுத்ததைக் காட்டும் பட்டியல்) புரோகிராம் ஓடியது. ரோல் நம்பரோடு மூன்று பெயர் சேர்த்தேன், டிஸ்ப்ளே சரி. முதல் ஆளை டிலீட் செய்து, கடைசியில் புது ஆளைச் சேர்த்ததும் பெயர்கள் திரையில் நிற்காமல் ஓடின. கன்ட்ரோல் சி அழுத்தித்தான் நிறுத்தினேன். எக்ஸாமில் இப்படி ஆனால் ஃபெயிலா? வேறு கேள்வி கேட்டு வாங்கலாமா? இன்டர்னல் 60-க்கு 47 வரும் என்கிறார்கள்.

சூரமங்கலம் சீனியர்:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். தியரிக்கு இன்டர்னல் 40, எக்ஸாம் 60. லேபுக்கு அப்படியே தலைகீழ்: இன்டர்னல் 60, எக்ஸாம் 40. எக்ஸாமை நூறுக்கு வைத்து நாற்பதாகக் குறைப்பார்கள். அந்த நூறில் 45 கட்டாயம் வேண்டும், மொத்தத்தில் 50. உங்களுக்கு 45 வந்தாலே 47-உடன் 18 சேர்ந்து 65. ஆனால் 44 எடுத்தால் இன்டர்னல் எவ்வளவு இருந்தாலும் அரியர்தான்.

அப்புறம், காலை செஷன் என்றால் முதல் நாளே ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் லாரி மாட்டினால் எக்ஸாமினரிடம் எதைச் சொல்வது?

லேப் மேடம்:
அவுட்புட் வரவில்லை என்பதற்காக மட்டும் யாரும் ஃபெயில் போடுவதில்லை. அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், வைவா (வாய்மொழித் தேர்வு) என்று தனித்தனியாகத்தான் மார்க். பிரிப்பு எக்ஸாமினரைப் பொறுத்து மாறும். ஆரம்பத்திலேயே கேட்டுவிடலாம், தப்பில்லை. அதனால் கேள்வி கைக்கு வந்ததும் கீபோர்டைத் தொடாதீர்கள். அல்காரிதத்தையும் புரோகிராமையும் பேப்பரில் எழுதி முடித்துவிட்டு டைப் செய்யுங்கள். பேப்பரில் எதுவும் இல்லாமல் இரண்டு மணி நேரம் எரரோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகளுக்கு மார்க் போட எங்களுக்கும் வழியில்லை.

கேள்வி மாற்றுவதை எக்ஸாமினரிடம்தான் கேட்க வேண்டும். சிலர் மார்க்கைக் கழித்துக்கொண்டு தருவார்கள், சிலர் தரவே மாட்டார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். ரெக்கார்டில் போனஃபைட் (சான்றிதழ்) பக்கத்துக்குக் கையெழுத்து வாங்கியாச்சா? போன், பென்டிரைவ் எல்லாம் வெளியே.

இனி உங்கள் பிழை. புது நோடை (லிஸ்ட்டில் ஒரு ஆளின் பதிவு) மாலாக்கில், அதாவது மெமரியில் இடம் வாங்கித் தரும் ஃபங்ஷனில், வாங்கிய பிறகு அதன் நெக்ஸ்டில் (அடுத்த நோடைக் காட்டும் இடம்) நல், அதாவது 'இதோடு முடிந்தது' என்ற குறி, வைத்தீர்களா?

ஏற்காட்டுக்காரன்:
இல்லை மேடம். ஆனால் முதல் மூன்று பேருக்கும் சரியாக வந்ததே?

லேப் மேடம்:
புதிதாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் சுழியாகவே (0) இருக்கும், அதுவே நல் ஆகிவிடும், அதனால் பிழை வெளியே தெரியாது. நீங்கள் டிலீட்டில் ஃப்ரீ செய்த (திருப்பிக் கொடுத்த) முதல் நோடின் இடத்தையே அடுத்த மாலாக் திருப்பித் தந்திருக்கிறது. அதன் நெக்ஸ்ட் இன்னும் பழைய இரண்டாம் ஆளைக் காட்டுகிறது. அந்த நோடைக் கடைசியில் கட்டியதும் லிஸ்ட் வட்டமாகிவிட்டது. டிஸ்ப்ளே நல்லைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஏற்காட்டுக்காரன்:
நல் வைத்ததும் நின்றுவிட்டது, நன்றி மேடம். அந்த வரியை எடுத்துவிட்டு மாலாக்குக்குப் பதில் காலாக் என்ற இன்னொரு ஃபங்ஷன் போட்டாலும் சரியாக ஓடுகிறதே, எப்படி?

லேப் மேடம்:
காலாக் இடத்தைச் சுழியாக்கிவிட்டுத் தரும். மாலாக் இருப்பது இருந்தபடியே தரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது வைவாவில் அடிக்கடி வரும் கேள்வி. இந்த லிஸ்ட்டையே உதாரணமாகச் சொல்லுங்கள். காலாக் போட்டாலும் நல் வரியை எடுக்காதீர்கள், பேப்பர் திருத்துகிறவர் அந்த வரியைத்தான் தேடுவார். டர்போவை இன்றைக்கே மூடிவிட்டு, வீட்டிலும் ஜிசிசி கம்பைலர் போட்டுப் பழகுங்கள்.