அப்பாவும் அந்தப் பியானோக்காரரும்

மனதில் நின்ற ஒரு கலைஞரைப் பற்றி எழுதச் சொன்னால், மேடையில் பார்த்தவர்களைப் பற்றித்தான் பலரும் எழுதுவார்கள். நான் பார்த்தது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு மழை இரவில்.

ரியூச்சி சகாமோட்டோ, 1952இல் தோக்கியோவில் பிறந்த இசையமைப்பாளர். புற்றுநோய் முற்றி, ஒரே மூச்சில் முழுக் கச்சேரி செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் 2022 செப்டம்பரில் ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாளுக்குச் சில உருப்படிகளாக 20 உருப்படிகளை வாசித்து முடித்தார். தனிப் பியானோ, கறுப்பு வெள்ளைப் படம். எதிரே ரசிகர்கள் இல்லை, கைதட்டல் இல்லை. 2023 மார்ச் 28இல் காலமானார். 'ஓபஸ்' என்ற அந்தப் படம் அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் முப்பது வருஷம் ஆர்மோனியம் அவர்தான். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமையானால் மோட்டாரில் கிளம்பிவிடுவார். பக்கவாதம் வந்து இடது கை துவண்டதும் பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவைக்கச் சொன்னார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த மழை இரவில் படம் ஓடத் தொடங்கியதும், "பாட்டு எப்பம்மா வரும்?" என்றார்.

"பாட்டு கிடையாதுப்பா, வாசிப்பு மட்டும்தான்."

தூங்கப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த மனிதர் ஒரு கட்டையை அழுத்திவிட்டு, ஒலி அடங்கும்வரை காத்திருப்பார். மூச்சு கேட்கும், காலடியில் பெடல் முனகுவதும் கேட்கும். 1978இல் தன் இசைக்குழுவான எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்காக அவர் போட்ட துள்ளலான மெட்டு ஒன்று இதில் ஊர்ந்துதான் வருகிறது. எனக்கு அந்த மெதுவான வடிவம்தான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் தொட்டு விடைபெறுவது போல இருந்தது.

நடுவில் ஓரிடத்தில் வாசிப்பு தடைப்படுகிறது. அந்த இடத்தையே மறுபடி மறுபடி பழகிப் பார்க்கிறார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பிருச்சா? அதை வெட்டாம ஏன் விட்டாங்க?"

"தெரியலப்பா. படம் எடுத்தது அவர் மகன்தான்."

"மகனா?" என்றவர் அதற்குப் பிறகு பேசவில்லை. கடைசியில் ஆளே இல்லாமல் பியானோக் கட்டைகள் தாமாக அழுந்தி எழுவதைப் பார்த்தபோது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பசியாறி முடித்ததும் பெட்டியை இறக்கச் சொன்னார். துருத்தி ஓரத்தில் காற்றுப் போனது. டேப் ஒட்டினேன். கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்துவைத்துவிட்டுத் துருத்தியை நான் போட்டேன், வலது கையால் அவர் வாசித்தார். எனக்குத் தாளம் பிடிபடவில்லை. "மெதுவா போடும்மா, அது மூச்சு மாதிரி" என்றார். பஜனையில் முதலில் பாடும் பிள்ளையார் பாட்டுத்தான். பாதியில் விரல் நழுவி, நின்று, மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

முடித்ததும் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தத் தப்பையும் வெட்டிடாதே."