மழுப்பல் பதிலைப் பேட்டி ஓடும்போதே பிடிப்பது எப்படி?

சாளரம்:
அரசியல் பேட்டிகளை விடாமல் பார்க்கிற ஆள் நான். பார்க்கும்போது 'சரியாகத்தான் சொல்கிறார்' என்று தலையாட்டிவிட்டு, முடிந்து அரை மணி நேரம் கழித்துதான் கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்று உறைக்கிறது. 'போன ஆட்சியில் நடக்கவில்லையா?' என்று திருப்பிவிடுவது, நெறியாளர் மேலேயே பாய்வது, இதெல்லாம் எனக்கே தெரிகிறது. தெரியாமல் நழுவுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். பிடிக்க வழி உண்டா?

வெண்தாழை:
பள்ளியில் படித்த எட்டு வகை விடையை ஒருமுறை திரும்பப் பாருங்கள், கிண்டல் செய்யவில்லை. நன்னூல் கணக்கில் சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடிப் பதில். மீதி ஐந்தும் சுற்றி வளைத்தவை, ஆனாலும் அவையும் விடைதான், ஏனென்றால் உள்ளுக்குள் ஓர் ஆமாமோ இல்லையோ இருக்கும். 'ஆடுவாயா?' என்றால் 'பாடுவேன்' என்பது இனமொழி விடை, ஆடமாட்டான் என்று புரிந்துவிடுகிறது. ஓர் அமைச்சரிடம் 'அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டீர்களா?' என்று கேட்டால் 'ஒவ்வொரு கோப்பையும் வரி விடாமல் படிப்பவன் நான்' என்பார். பார்வைக்கு அதே இனமொழிதான், ஆனால் போட்டாரா இல்லையா என்று எவ்வளவு தோண்டினாலும் வராது. எதிர்க்கேள்வியும் அப்படித்தான்: 'செய்யாமல் இருப்பேனா?' என்பதில் பதில் இருக்கிறது, 'யார் சொல்லி இதைக் கேட்கிறீர்கள்?' என்பதில் இல்லை. பதில் முடிந்ததும் 'இப்போது இவர் சொன்னது ஆமாமா, இல்லையா?' என்று மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். இரண்டோடும் பொருந்தினால் மழுப்பல்.

கீற்றொளி:
உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. டாட் ராஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனையில், மருத்துவ வசதி பற்றிய ஒரே பதிலை வெவ்வேறு கேள்விகளுக்குப் பின்னால் ஒட்டிக் காட்டினார்கள். கேள்வி பயங்கரவாதம் பற்றியது என்றால் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். போதைப்பொருள் பற்றியது என்றால், பக்கத்துத் தலைப்புதானே, பலருக்கு உறைக்கவே இல்லை. பேசும்போது கேள்வியைத் திரையிலேயே எழுத்தில் காட்டியபோது அதிகம் பேர் பிடித்தார்கள். அதனால் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள், முக்கியமாக வினைச்சொல்லை. 1997 மே மாதம் பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம், சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறப்போவதாக மிரட்டினீர்களா என்று 12 முறை கேட்டார். ஹவர்டோ, உத்தரவிட எனக்கு அதிகாரம் இல்லை, நான் உத்தரவிடவும் இல்லை என்றே சுற்றி வந்தார். மிரட்டுவது வேறு, உத்தரவிடுவது வேறு. ஒரே முறை கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் அது பதில் மாதிரியே இருந்திருக்கும். (அடுத்த செய்தித்தொகுப்பு தயாராகாததால் நேரத்தை ஓட்டத்தான் அப்படிக் கேட்டேன் என்று பாக்ஸ்மன் பிறகு சொன்னது தனிக்கதை.)

எதிர்நீச்சல்:
எல்லாப் பழியையும் பதில் சொல்பவர் தலையில் கட்டாதீர்கள். 'கூட்டணியில் நீடிப்பீர்களா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்' என்றால் என்ன சொல்வார்? ஆமாம் என்றால் பேரம் போச்சு, இல்லை என்றால் கூட்டணியே போச்சு. எந்தப் பதிலும் அடி வாங்கித் தரும் நிலையில் சாதாரண மனிதர்களும் மழுப்பத்தான் செய்கிறார்கள் என்று கனடாவின் உளவியலாளர் ஜேனட் பாவெலஸ் சோதனைகள் செய்தே காட்டியிருக்கிறார். அப்புறம், 'லஞ்சம் வாங்குவதை எப்போது நிறுத்தினீர்கள்?' வகைக் கேள்விகள். அதற்கு நேராகப் பதில் சொன்னால் வாங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும், கேள்வியையே மறுப்பதுதான் அங்கே நியாயம். சில நெறியாளர்கள் கேட்பது கைதட்டலுக்காக, பதிலுக்காக இல்லை.

வெண்தாழை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வியை மறுப்பவர் ஏன் மறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுக்கட்டும். 'இது முக்கியமான கேள்வி, நன்றி' என்று ஆரம்பித்து வேறு ஊருக்கு வண்டியைத் திருப்புவதை அதில் சேர்க்க முடியாது.

சாளரம்:
தாள் யோசனையை ஒரு பழைய பேட்டியில் முயன்று பார்த்தேன். ஐந்தாவது கேள்வியை எழுதவே முடியவில்லை, பார்த்தால் அதில் மூன்று கேள்விகள் ஒன்றாக இருந்தன. அவர் மூன்றாவதை மட்டும், அதுவும் இருப்பதிலேயே லேசானதை, எடுத்துக்கொண்டு ஏழு நிமிடம் பேசியிருக்கிறார். போன மாதம் இதே பேட்டியைப் பார்த்துவிட்டு 'நல்ல பதில்' என்று நண்பனுக்கு அனுப்பிவைத்தவன் நான்.