மறு: கூட்டு நினைவா, குழு நினைவா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் collective memory என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘கூட்டு நினைவு’ என்றால் பல பேருடைய நினைவுகளைக் கூட்டி வந்த தொகை என்று படுகிறது. ‘குழு நினைவு’ என்றே வைக்கலாமே?

குழு என்றதும் தேர்வுக் குழுவும் விசாரணைக் குழுவும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. கூட்டு என்பது கணக்குக் கூட்டல் மட்டும்தானா? கூட்டுக் குடும்பம் என்கிறோம். அங்கே யாரும் நான்கு குடும்பங்களைக் கூட்டி விடை எழுதுவதில்லை. ஒரே அடுப்பு, அதைச் சுற்றி அவரவர் இடம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஆல்ப்வாக்ஸ் 1925-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தனி ஆள் எதையும் நினைவில் வைப்பது தான் சேர்ந்திருக்கும் கூட்டம் தரும் சட்டகத்துக்குள்தான். ஆகவே ‘கூட்டு நினைவு’, கூடவே ‘நினைவுச் சட்டகம்’. இரண்டாவது இல்லாமல் முதலாவது நொண்டும்.

ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகளில் பொருத்திப் பார்த்தால் இது தெளிவாகும். மாற்கு சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தை, அதில் வரும் சிலுவைச் சாவை, பழைய ஏற்பாட்டின் 22-ஆம் சங்கீதத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆடைகளுக்குச் சீட்டுப் போடுகிறார்கள், வழிப்போக்கர்கள் தலையை ஆட்டிப் பழிக்கிறார்கள், கடைசியில் ‘என் தேவனே, என் தேவனே’ என்ற கதறல். மூன்றும் அந்தச் சங்கீதத்தில் இருப்பவை, வரிசைதான் தலைகீழ்: அங்கே கதறல் முதல் வசனம், சீட்டு 18-ஆம் வசனம். சிலுவைச் சாவை எப்படிச் சொல்வது என்று தவித்த ஒரு யூதக் கூட்டத்துக்குக் கையில் இருந்த சட்டகம் அது. பிந்திய நினைவு இப்படி வடிவம் பெறுவதை இன்னொரு சுவிசேஷக்காரரான யோவான் ஒளிக்கவே இல்லை. ஆலயத்தை இடியுங்கள், மூன்று நாளில் எழுப்புவேன் என்று இயேசு சொன்னது, அவர் உயிர்த்தெழுந்த பிறகே சீடர்களுக்கு நினைவுக்கு வந்தது என்று எழுதிவிடுகிறார் (2:22).

> அப்படியானால் கட்டுக்கதை என்று சொல்லிவிட்டுப் போகலாமே. எதற்குப் புதுச்சொல்?

போக முடியாது ஐயா. சட்டகம் இருப்பதாலேயே உள்ளே இருப்பது பொய்யாகிவிடாது. எது நின்றது, எது உதிர்ந்தது என்று கேட்கத்தான் இந்தச் சொல் வேண்டும். இயேசுவின் தலையில் பரிமளதைலம் ஊற்றிய பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் செய்தது அவள் நினைவாக உலகெங்கும் சொல்லப்படும் என்கிறார் மாற்கு (14:9). அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை! யோவானில் அவள் பெத்தானியா மரியாள். தைலம் தலையில் அல்ல, பாதங்களில்.

அடுத்து, ஜெர்மன் அறிஞர் யான் அஸ்மான் பிரித்துக் காட்டும் இரு வகை. நேரில் கண்டவர்களும் அவர்களிடம் கேட்டவர்களும் இருக்கும்வரை ஓடுவதற்குப் ‘பேச்சுவழி நினைவு’, நூலிலும் சடங்கிலும் நிலைத்துவிட்டதற்குப் ‘பண்பாட்டு நினைவு’. ஏறக்குறைய 40 ஆண்டில் முதல் வகை ஆட்டம் காணத் தொடங்கும் என்பது அவர் கணக்கு. சிலுவைச் சாவு கி.பி. 30-ஐ ஒட்டி, எருசலேம் ஆலயம் விழுந்தது 70-இல், மாற்கு எழுதப்பட்டதையும் பலர் அந்த ஆண்டை ஒட்டித்தான் வைக்கிறார்கள். ஆனால் எல்லைக்கோடு அவ்வளவு நேராக இல்லை. 50-களிலேயே அப்போஸ்தலர் பவுல் ‘நான் அடைந்ததும் உங்களுக்கு ஒப்புவித்ததும்’ என்று மனப்பாட வாய்பாடு போல எழுதுகிறார். மறுபுறம், 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சபைத் தலைவர் பப்பியாஸுக்குப் புத்தகத்தைவிட உயிருள்ள குரலே மேல். அதே நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின், ‘அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகள்’ ஞாயிறுதோறும் சபையில் வாசிக்கப்படுவதாகச் சொல்கிறார்.

‘நினைவகம்’ வேண்டவே வேண்டாம். அது கணினிக்குப் போய்விட்டது. போதாக்குறைக்குச் சரக்கு அடுக்கி வைத்த கிடங்கு மாதிரி ஒலிக்கிறது. அப்பம் பிட்டு, ‘என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்’ என்றவர்களுக்கு நினைவு என்பது செய்கிற காரியம்.

சிமிர்னா (இன்றைய துருக்கியில்) சபையார் தங்கள் ஆயர் பொலிகார்ப்பின் எலும்புகளைச் சேர்த்து வைத்து, அவர் இரத்தசாட்சியாக இறந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாட முடிவெடுத்தார்களே, அதற்கு ‘நினைவேந்தல்’ பொருந்தும். முன்பு போராடியவர்களை நினைக்கவும் இனி வருவோரைப் பழக்கவும் என்று காரணத்தையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சொல் ஏற்கெனவே நாளிதழ்களில் புழங்குகிறது. மறுப்பு இருந்தால் பட்டியலில் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள்.