பழைய கம்பி பிரேக் சைக்கிளுக்குப் பின்பக்கக் கண்ணாடி, எது தாங்கும்?

சுங்கை சிப்புட் வாசி:
வணக்கம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னமும் காலையில் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு அந்தப் பழைய கம்பி பிரேக் சைக்கிளில்தான் (கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் பிரேக் பிடிக்கிற வகை) போவார், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. கழுத்தைத் திருப்ப முடிவதில்லை, காதும் மந்தம், செம்பனைக் குலை ஏற்றிய லோரி முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. ஆன்லைனில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக் கொடுத்தேன். செம்மண் ரோட்டுக் குலுக்கலில் அதன் தலை தொங்கிப்போய், இப்போது அதில் அவருடைய முழங்கால் மட்டும் நன்றாகத் தெரிகிறது. விலை கூடினாலும் பரவாயில்லை, நின்று உழைக்கிற மாதிரி எது வாங்கலாம்?

பந்திங் அண்ணன்:
தம்பி, எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து வாங்குகிறார்கள், பார்க்க வேண்டியது அதன் கழுத்து, அதாவது கண்ணாடி தண்டோடு சேருகிற மூட்டு. பிளாஸ்டிக் குண்டு பிளாஸ்டிக் குழியில் உட்கார்ந்திருந்தால் தேய்ந்து தொளதொளவென்று ஆகிவிடும், முறுக்கி இறுக்க ஒரு ஸ்குரூ இருந்தால்தான் பிழைக்கும். அந்த ஸ்குரூவும் எவர்சில்வராக இருக்கட்டும், நம் ஊர் மழைக்குச் சாதா இரும்பு துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். தண்டு குட்டையாக இருந்தால் ஆட்டம் குறைவு. ஹேண்டல் முனைக்குள் சொருகுகிற மிரிசைக்கிள், செஃபால் மாதிரி பிராண்டுகளைப் பாருங்கள். இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் இடப்பக்கம் மாட்டிக் காட்டுவார்கள், அவர்கள் ஊரில் வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. நமக்கு வலப்பக்கம்தான் வேண்டும்.

கூலிம் மோட்டார் கடை:
அண்ணே சொன்ன மூட்டு விஷயம் சரி. ஆனால் முனையில் சொருகுவது அந்தச் சைக்கிளுக்கு ஒத்துவராது. பழைய சைக்கிளின் ஹேண்டல் வளைந்து ஓட்டுகிறவர் பக்கமே வரும், முனையில் கண்ணாடி வைத்தால் திரும்பும்போது முழங்காலில் இடிக்கும். பேசாமல் கப்சாய் (நம் ஊர்ச் சின்ன மோட்டார் சைக்கிள்) கண்ணாடி ஒன்று வாங்குங்கள். மோட்டார் ஹேண்டல் 22 மி.மீ., சைக்கிளில் கைப்பிடிப் பக்கமும் பெரும்பாலும் அதேதான் (அளந்து பார்த்துவிடுங்கள், நடுவில் தடிமன் கூடும்). கண்ணாடிக் கம்பியை ஹேண்டலில் கவ்விப் பிடிக்க, இரண்டு துண்டாகப் பிரிகிற கிளாம்ப் கேளுங்கள், கைப்பிடி ரப்பரைக் கழற்றாமலே மாட்டலாம். உடைந்தால் எந்தப் பட்டணத்து மோட்டார் கடையிலும் மறுநாளே கிடைக்கும், அதுதான் பெரிய விஷயம். ஒரு எச்சரிக்கை: யமாஹா வலப்பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் மரை தலைகீழாக இருக்கும், சாதா மரை உள்ள கிளாம்பில் ஏறாது, ஹோண்டாவுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

பந்திங் அண்ணன்:
முழங்கால் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, நான் நேர் ஹேண்டல் வண்டியை மனதில் வைத்துப் பேசிவிட்டேன். ஆனாலும் கப்சாய் கண்ணாடி கனம், நீட்டமான கம்பி வேறு. பிரேக் கம்பி ஹேண்டலுக்குக் கீழேயே ஓடுகிறதே, கிளாம்ப் அதை உரசாதா?

கூலிம் மோட்டார் கடை:
உரசும், அதனால்தான் அகலம் குறைந்த கிளாம்பாகப் பார்க்க வேண்டும். மாட்டியதும் பிரேக்கை முழுதாகப் பிடித்துப் பாருங்கள், கம்பி தாராளமாகப் போய் வர வேண்டும், அதில் மட்டும் சமாதானம் வேண்டாம். கிளாம்புக்கு அடியில் பழைய டியூபை வெட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் வழுக்காது, அதிர்வும் குறையும். கம்பி நீளம் ஒரு வகையில் நல்லதுதான், பெரியவர் முழங்கையைத் தாண்டிப் பின்னால் தெரியும்.

சுங்கை சிப்புட் வாசி:
நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். கப்சாய் கண்ணாடியில் லோரி தூரத்தில் இருக்கிற மாதிரி தெரியும் என்கிறார்களே?

கூலிம் மோட்டார் கடை:
குவிந்த கண்ணாடி என்றால் அப்படித்தான், சின்னதாகக் காட்டும். தட்டையானது உள்ளதை உள்ளபடி காட்டும், ஆனால் பார்வை குறுகிவிடும். குலுங்குகிற ரோட்டில் எனக்குக் குவிந்ததுதான் சரி என்று படுகிறது, கொஞ்சம் கோணம் மாறினாலும் ரோடு தெரியும். முதல் நாள் நீங்கள் மோட்டாரில் பின்னால் வாருங்கள், எவ்வளவு கிட்டே வந்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போது இடப்பக்கமாகச் சாய்க்கச் சொல்லுங்கள், வலப்பக்கக் கண்ணாடி இடிபடாது.