பேஸ் மாடல் பிக்கப்பை எடுப்பாக்க எங்கே தொடங்கணும்?

தொட்டிவண்டி:
வெள்ளை நிற டபுள் கேப், பேஸ் மாடல். பம்பர், கிரில், சைடு மிரர் மூடி, கதவுக் கைப்பிடி எல்லாமே பெயின்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக். வெயிலில் சாம்பல் பூத்துவிட்டது. 16 இன்ச் இரும்பு டிஸ்க் (சக்கரம்), 245/70 ஆர்16 டயர். பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்து நிற்கிறது. தொட்டி வெறும் தகரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முழு லோடு ஏறும், அதனால் தாங்கும் திறன் குறையக் கூடாது. 17 இன்ச் அலாய் சக்கரம், ஃபெண்டர் ஃபிளேர் (சக்கர வளைவின் மேல் ஒட்டும் அகலப் பட்டை), எல்இடி பல்பு, குரோம் கிட் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது?

மேட்கறுப்பு:
குரோம் கிட்டைப் பட்டியல்ல இருந்தே எடுத்துடுங்க. பேஸ் மாடல் மட்டமா தெரியறதுக்குக் காரணம் நரைச்ச பிளாஸ்டிக். அது பக்கத்துல பளபளன்னு குரோம் வந்தா நரை இன்னும் எடுப்பாத் தெரியும்.

கறுப்பாவே வைக்கறதா இருந்தா, சிலிக்கான் பாலிஷ் வேண்டாம், நாலு மழையில போயிடும். நல்லாக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, காய்ஞ்சு இறுகற வகை டிரிம் கோட்டிங் போடுங்க. ஹீட் கன்ல காட்டினாலும் கறுப்பு திரும்பும், ஆனா உள்ளே இருக்கற எண்ணெய் மேல வர்றதுதான் அது. ரெண்டு மூணு தடவைக்கு மேல பலிக்காது.

பாடி கலர் அடிக்கணும்னா கிரில், மிரர் மூடி, கைப்பிடி மட்டும் போதும். பம்பரின் கீழ்ப்பாதியைக் கறுப்பாவே விடுங்க, கல் தெறிக்கற இடம். பாகத்தைக் கழட்டிப் பின்னாடி பாருங்க. பி.பி. (பாலிபுரொப்பிலீன்) னு அச்சு இருந்தா சாதா பிரைமர் ஒட்டாது; ஒரு வருஷத்துல தகடு தகடா உரிஞ்சு வரும். 400 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, மெல்லிசா ஒரு கோட் பி.பி. பிரைமர், அப்புறம் ரெண்டு மூணு கோட் கலர், ரெண்டு கோட் கிளியர். கோட்டுக்குக் கோட் 10–15 நிமிஷம் இடைவெளி. முன்னாடி சிலிக்கான் பாலிஷ் போட்ட பிளாஸ்டிக்னா தேய்க்கறதுக்கு முன்னாடியே சிலிக்கான் ரிமூவர்ல துடைக்கணும். முதல்ல தேய்ச்சா அது கீறலுக்குள்ள இறங்கி, அந்த இடத்துல பெயின்ட் ஒட்டாம குட்டிக்குட்டி வட்டமா பிளந்து நிற்கும். சொரசொரப்பு டிசைன் உள்ள பிளாஸ்டிக்கா இருந்தா ஃபில்லர் பிரைமர் போட்டு மட்டமாக்காம கலர் அடிக்காதீங்க, தோல் மாதிரி தெரியும்.

பெரிய செலவில்லாம பலன் தர்ற வேலை ஒண்ணு உண்டு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில இருக்கற வெள்ளைத் தூணுக்கு கிளாஸ் கறுப்பு வினைல் ஒட்டுங்க. ஜன்னல் எல்லாம் ஒரே கண்ணாடி மாதிரி ஆகி, வண்டி மேல் மாடல் சாயலுக்கு வந்துடும்.

நட்டுபோல்ட்டு:
அலாய் பற்றி மட்டும் சொல்றேன். பி.சி.டி. (நட்டு ஓட்டைகள் அமைஞ்ச வட்டத்தோட விட்டம்) பொருந்தினா போதும்னு வாங்கிடாதீங்க. சென்டர் போர் (நடு ஓட்டை அளவு), ஆஃப்செட் (சக்கர அகலத்தோட மையத்துக்கும் ஹப்ல ஒட்டற முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.ல), லோடு ரேட்டிங் (தாங்கற எடை) மூணும் பாக்கணும். இப்போ 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 30 னு வெச்சுக்குங்க. 8 இன்ச், ஆஃப்செட் 20 போட்டா டயர் வெளியே கிட்டத்தட்ட 23 மி.மீ. தள்ளும் (10 ஆஃப்செட்டுக்கு, 12.7 அகலத்துக்கு). அதுக்கு மேல போனா சேறு கதவுல அடிக்கும், பேரிங்குக்கும் பளு.

டயர்ல 245/65 ஆர்17 போட்டா உயரம் 750 மி.மீ., உங்க பழைய 749க்கு அப்படியே சமம். 265/65 ஆர்17 பார்க்க முரட்டுத்தனமா இருக்கும், ஆனா 776 மி.மீ. ஸ்பீடோ 100 காட்டறப்போ வண்டி 103–104ல ஓடும், முழு லோடுல ஏற்றத்துல இழுவையும் குறையும். லோடு இண்டெக்ஸ் (டயர்ல எழுதியிருக்கற எடைக் குறியீடு) 111னா ஒரு டயர் 1090 கிலோ தாங்கும், 107னா 975தான். பழைய டயர் நம்பருக்குக் கீழே போகாதீங்க. அலாயின் பின்பக்கம் அச்சடிச்சிருக்கற அதிகபட்ச எடை, பின் ஆக்ஸில் தாங்கற எடையில பாதிக்காவது இருக்கணும்.

நட்டு தனியா வாங்கணும். டிஸ்க்குக்கு வர்ற நட்டு அலாயின் சரிவுக்கு உட்காராம போகலாம். 12×1.5 நட்டுன்னா கையாலேயே குறைஞ்சது 8 சுற்று ஏறணும். டார்க் ரென்ச்ல (முறுக்கற விசையை அளந்து காட்டற ஸ்பேனர்) முறுக்கி, 80–100 கி.மீ. ஓட்டினதும் மறுபடி முறுக்குங்க.

தொட்டிவண்டி:
அப்போ அலாய் இப்போதைக்கு வேண்டாம் போலிருக்கிறது. இருக்கிற டிஸ்க்கையே சாம்பல் நிறத்தில் அடித்தால்?

நட்டுபோல்ட்டு:
லோடு வண்டிக்கு அதுதான் என் ஓட்டு. டயரைக் கழட்டிட்டு அடிங்க, ஓரத்துல டேப் ஒட்டி அடிச்சா சுத்தமா வராது. துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் போட்டு மேல கலர். டிரம்மோட ஒட்டற பின்முகத்திலயும் நட்டு உட்கார்ற குழியிலயும் பெயின்ட் படவே கூடாது. அந்தப் பெயின்ட் அழுத்தத்துல நசுங்கினா நட்டு தளரும். சக்கரம் கழன்டு ஓடறதுல போய் முடியும்.

பட்டைக்கட்டு:
மூக்கு தாழ்ந்து நிற்பது குறை இல்லைங்க. லோடு ஏறினால் மட்டமாகட்டும் என்றுதான் பின்பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) உயர்த்தி வைத்திருக்கிறார்கள். ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், வெறும் வண்டியில் ஒரு முறை, முழு லோடில் ஒரு முறை. வெறும் வண்டியில் 50 மி.மீ. வித்தியாசம் இருந்தால் 25 மட்டும் முன்னால் ஏற்றுங்கள். முழுதாகச் சமப்படுத்தினால் லோடில் பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

பலரும் ஏமாறுவது ஸ்பேசரில் (வண்டியைத் தூக்க ஸ்ட்ரட் மேல் வைக்கும் தடித்த வட்டு). முன்னால் காயில் ஸ்பிரிங் ஸ்ட்ரட் (சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) என்றால், அது கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், மேலே 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 45–50 மி.மீ. தூக்கும். பெட்டியில் எழுதியிருப்பது ஸ்பேசரின் தடிமனா, ஏறும் உயரமா என்று கேட்டு வாங்குங்கள். டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) வண்டிக்கு ஸ்பேசரே தேவையில்லை, போல்ட்டை முறுக்கினால் ஏறும். எதுவானாலும் பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரி பார்க்க வேண்டும்.

எல்இடி பல்பையும் விட்டுவிடுங்கள். ஹெச்4 (ஹை, லோ இரண்டும் ஒரே பல்பில் உள்ள வகை) ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழை இருக்கும் இடத்தை வைத்துச் செய்தது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் கட்-ஆஃப் கோடு (வெளிச்சத்தின் மேல் எல்லை) சிதறும். லென்ஸ் மஞ்சளாகியிருந்தால் 800, 1500, 2000, 3000 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மேலே யுவி கிளியர் அடிக்காவிட்டால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பிவிடும்.

மேட்கறுப்பு:
தொட்டிக்கு ஸ்பிரே லைனர் (தகரத்து மேல அடிக்கற தடிப்பான பாதுகாப்புப் பூச்சு) போடுங்க. கழட்டிப் போடற பிளாஸ்டிக் தட்டுக்குக் கீழே மணலும் தண்ணியும் சேர்ந்து, அதிர்வுல பெயின்ட்டை அரைச்சுத் துரு பிடிக்க வெச்சிடும். 120 நம்பர் தாள்ல பளபளப்பு முழுசாப் போகற வரை தேய்க்கணும், மூலையும் விடாம. லைனர் உரியறது பெரும்பாலும் மூலையிலதான் ஆரம்பிக்கும்.

ஃபிளேர் போடறதா இருந்தா துளை போடாத வகையா வாங்குங்க. டபுள் சைட் டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை கழுவாதீங்க. லைனர் அடிக்கறதுக்கு முன்னாடி தொட்டியோட தண்ணி போற ஓட்டைகளை டேப் போட்டு மறைங்க, காயறதுக்குள்ள டேப்பை உரிச்சிடுங்க.